பிளை திருத்தம்

மனிதன் தன் முதுகைத் தானே பார்க்க முடியாதபடி படைக்கப்பட்டது ஏன் என்று எப்போதாவது சிந்தித்ததுண்டா? அதைப் பார்த்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும் என்பதற்காகத்தான். அந்த இன்னொருவரைத் தேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. அவர் பெரும்பாலும் நம் வீட்டிலேயே இருப்பார். நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டும் இருப்பார். இந்த எளிய உண்மையை ஒரே ஒரு நாள் மறந்துபோன நல்ல மனிதர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். கணவன்மார் கவனத்துடன் கேட்க வேண்டும். மனைவிமார்க்குச் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கு முடிவு இப்போதே தெரிந்திருக்கும்.

அவர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். அச்சேறப் போகும் தாளிலுள்ள எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் சுழிப்பது அவர் தொழில். தொழில் அச்சகத்தோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது அவரோடு வீட்டுக்கும் வந்தது, கடைத்தெருவுக்கும் போனது. பேருந்தின் பின்புற விளம்பரத்தில் ஓர் ஒற்றெழுத்து விடுபட்டிருந்ததற்காக, அந்தப் பேருந்தை அடுத்த நிறுத்தம் வரை ஓடித் துரத்தியவர் அவர். தமக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டைத் திருத்தி, மதிப்பெண்ணும் போட்டு, எழுதிய மருத்துவரிடமே திருப்பிக் கொடுத்தவர். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்கும் அவரே செயலாளர். மின்தூக்கியின் அருகிலிருந்த அறிவிப்புப் பலகையில் வாரம் தவறாமல் அவருடைய சுற்றறிக்கை ஒன்று தொங்கும். குடியிருப்புப் பிள்ளைகள் அவர் காதுக்கு எட்டாத தொலைவில் அவருக்குச் சூட்டியிருந்த பெயர், "பிழையார்". எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும் முதலில் அவர்தான் வந்து நிற்பாராம்.

அந்த வாரத்துச் சுற்றறிக்கை இவ்வாறு முடிந்திருந்தது: "இணையத்தில் வரும் இனிப்பான அழைப்புகளைத் தொடாதீர். தொட்டவர் கெட்டார். விரிவான விளக்கம், ஞாயிறு மாலைக் கூட்டத்தில் செயலாளரின் சொற்பொழிவில்."

வெள்ளிக்கிழமை மாலை அவர் தொட்டார்.

இனிப்பான அழைப்பாக இருந்திருந்தால் நிச்சயம் தொட்டிருக்க மாட்டார். பரிசு விழுந்திருக்கிறது என்று வந்திருந்தால் ஏளனமாகச் சிரித்திருப்பார். ஆனால் மடிக்கணினியின் திரையில் வந்து நின்ற செய்தி இது: "அன்புல்ல வாடிக்கயாளரே! உங்கல் கணினியில் பிளை உல்லது. பிளையைத் திருத்த இங்கே அளுத்தவும்."

செயலாளரின் காதுமடல்கள் சிவந்தன.

"பிளையாமே, பிளை! அளுத்தணுமாமே! அளுத்தறேன், இரு!"

திருத்த இங்கே அழுத்து என்று எழுதியவனே வந்து கெஞ்சும்போது, திருத்துவதற்கென்றே பிறந்த ஒருவர் எப்படி அழுத்தாமல் இருப்பார்? ஆசையால் கெட்டவர் உண்டு. கோபத்தால் கெட்டவர் உண்டு. இலக்கணத்தால் கெட்டவர் இவர் ஒருவரே.

திரை கறுத்தது. பிறகு வெளுத்தது. பிறகு, அருவி போன்ற கூந்தலைத் தோளில் புரளவிட்ட ஓர் ஆடவன் தோன்றி, முடி வளர்க்கும் எண்ணெய் ஒன்றைக் காட்டிச் சிரித்தான். அவனை மூடினார். இன்னும் அடர்த்தியான முடியோடு இன்னொருவன் வந்தான். எதைத் தொட்டாலும் எண்ணெய். எங்கே அழுத்தினாலும் முடி. செயலாளரின் தலையோ, பிழை ஒன்றும் இல்லாத வெள்ளைத் தாளைப் போன்றது. அந்த இரவு முழுதும் யார் யாருடைய முடியோ அவர் கனவில் பறந்தது.

வைரஸ் புகுந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. கணினி கெட்டது கூட அவரை வாட்டவில்லை. ஊருக்கெல்லாம் எச்சரிக்கை எழுதிய கை எதை அழுத்தியது என்பது மனைவிக்குத் தெரிந்தால்? இந்த ஒரு கேள்விதான் அவரை வாட்டியது. சனிக்கிழமை விடிந்ததும் மாபெரும் தீர்மானம் ஒன்றுக்கு வந்தார். மனைவி வேலைக்குப் போனதும், அவர் திரும்பி வருவதற்குள், கணினியைக் கழுவித் துடைத்து ஒன்றும் நடவாததுபோல் வைத்துவிட வேண்டும்!

தீய செயலைத் தனியாகச் செய்துவிடலாம். அசட்டுச் செயலுக்குத்தான் துணை வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு பல் மருத்துவர் இருந்தார். நல்ல மனிதர், உதவி என்றால் ஓடி வருவார். ஒரே குறை, பல்லைத் துளைக்கும் இயந்திரத்தோடு ஆயுள் முழுதும் போட்டியிட்டு வளர்ந்த குரல் அவருடையது. செயலாளர் தம் வீட்டுப் பால்கனியில் நின்று, அடுத்த பால்கனியில் காப்பி குடித்துக்கொண்டிருந்த அவரைச் சைகையால் அழைத்தார்.

"டாக்டர், ஒரு சின்னப் பிரச்சினை. கொஞ்சம் மெதுவாப் பேசணும்."

"மெதுவாத்தானே பேசறேன்!" என்றார் டாக்டர். கீழே வண்டி துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்க வலிக்குது?"

"எனக்கில்ல டாக்டர். லேப்டாப்புக்கு."

"என்ன பண்ணுது?"

"எதைத் தொட்டாலும் முடி எண்ணெயா வருது."

"எந்தப் பக்கத்திலேர்ந்து ஒழுகுது?"

"ஒழுகல டாக்டர், திரையில விளம்பரமா வருது! வைரஸ்!"

"ஓ! கண்டதையும் கடிச்சீங்களா?"

"கடிக்கல. அழுத்தினேன்."

டாக்டர் கண்களை மூடி யோசித்தார். "மேலாகப் பிடிச்ச சொத்தைன்னா அடைச்சு விட்டுடலாம். இது வேர் வரைக்கும் போயிருக்கு சார். பிடுங்கிட வேண்டியதுதான்."

"லேப்டாப்பையா?"

"உள்ள இருக்கிறதை! மொத்தமாத் துடைச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்கணும். ரீசெட்னு பேரு. எனக்கு என் மாப்பிள்ளை பண்ணிக் காட்டியிருக்கார். வலியே இருக்காது. அதுக்கு முன்னால முக்கியமானதை மட்டும் ஒரு பென்டிரைவில எடுத்து வச்சுக்கோங்க."

"அது சுலபம் டாக்டர். எங்க லேப்டாப்ல ரெண்டே ஃபோல்டர்தான். 'முக்கியமானவை'ன்னு ஒண்ணு. அது என்னோடது. சுற்றறிக்கை, நாளைக்குப் பேசப் போற பேச்சு, எல்லாம் அதுல இருக்கு. 'குப்பை'ன்னு ஒண்ணு. அது வீட்டுல அவங்க வச்சிருக்கிறது."

"பேர்லயே தீர்ப்பு எழுதியிருக்கே சார்! முக்கியமானவையை எடுத்துக்கோங்க, குப்பையைக் கொட்டிடுங்க. முடிஞ்சது கதை!"

"ஆனா வீட்டுல தெரியவே கூடாது."

"என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வெளிய வராது!" என்று டாக்டர் முழங்கினார். எதிர்மாடியில் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன.

பால்கனியின் மறுகோடியில் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த ஈரப் போர்வை ஒன்று லேசாக அசைந்தது. காற்று என்று நினைத்தார் செயலாளர். அன்று காற்றே இல்லை.

அவர் உள்ளே வந்து மேசை இழுப்பறையிலிருந்த ஒரே பென்டிரைவை எடுத்துச் சட்டைப்பைக்குள் மறைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் அவர் மனைவி வேலைக்குப் போகும் உடையில் வந்து மடிக்கணினியின் முன் அமர்ந்தார்.

"ஐயோ, இப்ப எதுக்கும்மா அது? உனக்கு நேரமாகலையா?"

"ஒரு சின்ன வேலைங்க. ஒரு நிமிஷம்." விசைகள் தட்டப்படும் ஓசை கேட்டது. பிறகு ஓசை நின்றது. "என்னங்க இது? யாரோ ஒருத்தன் தலையை விரிச்சுப் போட்டுட்டு வந்து நிக்கறான்?"

இது உண்மையைச் சொல்வதற்கென்றே வாய்த்த தருணம். வாழ்க்கை நமக்கு இத்தகைய கதவுகளை அடிக்கடி திறந்து வைக்கிறது. நாமோ சன்னல் வழியாகக் குதிக்கிறோம்.

"அது... நான்தான் தேடினேன். கொஞ்சம் முடி வளர்க்கலாமான்னு."

மனைவி திரும்பி அவர் தலையைப் பார்த்தார். வெகு நேரம், மிகுந்த பரிவோடு பார்த்தார்.

"எங்க வளர்க்கறதா உத்தேசம்?"

"அங்கங்க."

"எதுக்குங்க? இந்தத் தலையைப் பார்த்துதானே இத்தனை வருஷமா விடியுது எனக்கு. வேற ஏதாவது சொல்லணுமா எங்கிட்ட?"

"ஒண்ணுமில்லையே!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன். ஒண்ணுமில்ல."

"சரி." கணினியை மூடிவிட்டு எழுந்தார். "திங்கக்கிழமை புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்களுக்கு வகுப்பு எடுக்கணும். நம்ம பழைய பதிவைப் போட்டுக் காட்டலாம்னு இருக்கேன். பத்திரமா வச்சிருக்கேன். சாயங்காலம் வந்து கேட்டுப் பார்க்கறேன்."

அவர் படியிறங்கிப் போனார்.

அந்தப் பழைய பதிவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அம்மையார் ஒரு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளர். வாய்வரை வந்தும் வெளியே வராமல் தவிக்கும் சொற்களுக்குக் கதவு திறந்துவிடும் பணி அவருடையது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் அவரிடம் பயிற்சிக்கு வந்தார். கடுமையாகத் திக்கும் நாக்கு. பேச முடியாததாலேயே, பேசத் தேவையில்லாத மெய்ப்புத் திருத்தும் வேலையைத் தேடிப் பிடித்தவர். பிறர் எழுதியதைத் திருத்தலாம். தன் பெயரை உரக்கச் சொல்லத்தான் முடியாது. அந்த இளைஞர் எழுத்து எழுத்தாகப் பேச்சுக்குள் வந்ததை அம்மையார் ஒலிநாடாவில் பதிந்து வைத்தார். முதல் நாள் பெயர் சொல்லத் தவித்த தவிப்பு முதல், கடைசி நாள் தடையின்றிப் பேசிய ஒரு வாக்கியம் வரை அதில் இருந்தன. அந்த வாக்கியத்துக்குப் பிறகுதான் இருவருக்கும் திருமணம் நடந்தது. ஆம், அந்த இளைஞர்தான் நம் செயலாளர்! அவருடைய வாயைத் திறந்து வைத்தவர் அந்த அம்மையாரே. அதை எப்போதாவது மூடவைக்க முடியுமா என்று குடியிருப்பே அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

'பத்திரமா வச்சிருக்கேன்' என்றதும் செயலாளரின் நினைவுக்கு வந்தது அலமாரியில் இருந்த ஒலிநாடா. அது இரும்பு அலமாரி, வைரஸ் ஏறாது. மனம் நிம்மதியடைந்தது. மனைவியின் வழக்கம் ஒன்று அவருக்கு அப்போது நினைவு வரவேயில்லை. அம்மையார் தம் பொன் தோட்டை வைத்திருப்பது "பழைய பொத்தான்கள்" என்று எழுதிய டப்பாவில். படிப்புச் சான்றிதழ்களை வைத்திருப்பது "கிழிசல்" என்று எழுதிய உறையில். எது தமக்கு உயிரோ அதற்கு யாரும் திரும்பிப் பாராத பெயரை வைப்பார். திருடனுக்காகச் செய்த ஏற்பாடு என்பார். வீட்டுக்குத் திருடன் வந்ததில்லை. கணவர் இருந்தார்.

பிற்பகல் டாக்டர் வந்தார். சட்டைக் கைகளை முழங்கை வரை சுருட்டிக்கொண்டார். பழக்கத்தால் கைகளையும் கழுவிக்கொண்டார்.

"வாயைத் திறங்க" என்றார். செயலாளர் கணினியைத் திறந்தார்.

"முதல்ல 'முக்கியமானவை'யை இழுத்துப் பென்டிரைவுக்குள்ள போடுங்க. திறக்காதீங்க, திறந்தா முடிக்காரன் வந்துடுவான்."

செயலாளர் இழுத்துப் போட்டார். கோப்புறை மெல்ல மெல்லப் பெயர்ந்தது. நிறைந்த வண்டி மேடேறுவதுபோல் நகர்ந்தது.

"இவ்வளவு நேரமாகுதே டாக்டர்?"

"கனம் அதிகம் சார்."

"இருக்கத்தானே செய்யும்!" செயலாளரின் மார்பு விரிந்தது. "ஒவ்வொரு சுற்றறிக்கையும் எப்படிச் செதுக்கினதுன்னு நினைக்கறீங்க? கருத்துக்கு எடை இல்லைன்னு யார் சொன்னது?"

பென்டிரைவ் நிரம்பிவிட்டது. "குப்பை" மட்டும் திரையில் எஞ்சி நின்றது. செயலாளரின் விரல் தயங்கியது.

"டாக்டர், இதுல என்ன இருக்குன்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

"கேளுங்க. எதுக்குக் கேக்கறீங்கன்னு அவங்க கேப்பாங்களே, அதுக்குப் பதில் இருக்கா?"

செயலாளர் கையில் எடுத்த போனை மீண்டும் மேசைமேல் வைத்தார்.

"குப்பைன்னு எழுதி வச்சதைக் கொட்டறதுக்கு அனுமதி கேட்ட முதல் ஆள் நீங்கதான் சார். கண்ணை மூடிக்கோங்க. ஒரே இழுப்பு!"

இந்த இடத்தில் ஒரு கதை சொல்ல வேண்டும். நடுக்கடலில் புயலில் சிக்கிய கப்பல் தலைவன் ஒருவன் பாரத்தைக் குறைக்க முனைந்தான். "பொருள்" என்று எழுதிய பெட்டிகளைக் காப்பாற்றினான். "பழந்துணி" என்று எழுதிய மூட்டைகளைக் கடலில் எறிந்தான். புயல் ஓய்ந்தது. கப்பல் அசையவில்லை. கிழிந்த பாய்க்கு மாற்றுப் பாய் தேடியபோதுதான், தான் எறிந்த பழந்துணி எது என்று அவனுக்குப் புரிந்தது. பெட்டியிலிருந்த பொருளை எண்ணியபடி அவன் கடலின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தான். பெயரைப் பார்த்து விலை மதிக்கும் எவருக்கும் அந்தக் கப்பலில் ஓர் இருக்கை காத்திருக்கிறது.

"எல்லாவற்றையும் நீக்கவா?" என்று கணினி கேட்டது. இந்த முறை எழுத்துப் பிழை எதுவும் இல்லை. செயலாளர் மனநிறைவோடு அழுத்தினார்.

மாலையில் மனைவி வீடு திரும்பியபோது கூடம் பெருக்கப்பட்டிருந்தது. பாத்திரங்கள் கழுவப்பட்டிருந்தன. தேநீர் தயாராக இருந்தது. குற்றம் செய்த கணவனின் வீடு போலச் சுத்தமான இடம் உலகில் வேறில்லை.

அம்மையார் தேநீரை வாங்கிக்கொண்டு கணினியைத் திறந்தார். முடிக்காரன் வரவில்லை. திரை, மழைக்குப் பிந்திய வானம்போல் வெறிச்சென்று இருந்தது.

"என்னங்க, முகம் கழுவி விட்ட மாதிரி இருக்கு?"

"கொஞ்சம் துடைச்சேன்மா."

"வெளியிலயா, உள்ளயா?"

"ரெண்டுலயும்."

"நல்லது. அந்தப் பழைய பதிவைக் கொஞ்சம் எடுங்க. கேக்கலாம்."

"இதோ!" செயலாளர் ஓடிப்போய் அலமாரியைத் திறந்து ஒலிநாடாவைக் கொண்டுவந்தார்.

"இதுவா? இது பூஞ்சை பிடிச்சுப் போய் எத்தனை வருஷமாச்சு! இருக்கட்டும்னு வச்சிருக்கேன். ஓடற நிலையில இருந்தப்பவே லேப்டாப்ல ஏத்திட்டேனே."

செயலாளரின் கையிலிருந்த நாடா நழுவியது.

"லேப்டாப்ல எங்க ஏத்தினே?"

"குப்பையில."

கூடத்துக் கடிகாரம் கூட ஒரு கணம் யோசித்திருக்கும்.  செயலாளரின் உதடுகள் அசைந்தன. எத்தனையோ ஆண்டுகளாக அந்த வீட்டுப் பக்கமே வராமலிருந்த பழைய விருந்தாளி ஒருவன் திடீரென்று வந்து அவர் நாக்கில் உட்கார்ந்தான்.

"கு... கு... கு..."

அம்மையார் தேநீர்க் குவளையைச் சட்டென்று கீழே வைத்துவிட்டு அவர் முன் வந்து நின்றார். குரல் தானாகவே பழைய பயிற்சி அறையின் குரலாயிற்று.

"அவசரமில்ல. மூச்சை விடுங்க. முதல் எழுத்தை அழுத்தாதீங்க."

"அ... அழுத்தினதாலதாம்மா இவ்வளவும்!"

பிறகு எல்லாம் வெளியே வந்தது. பிளை, அளுத்தவும், முடிக்காரன், டாக்டர், பென்டிரைவ், ரீசெட். ஒன்றையும் விடவில்லை. அம்மையார் குறுக்கிடாமல் கேட்டார். கேட்பதும் அவர் தொழிலில் பாதி அல்லவா?

அந்த நேரம் பார்த்து டாக்டர் வாசலில் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், ரத்தம் நின்னுடுச்சா?"

"டாக்டர்! சொத்தையைப் பிடுங்கச் சொன்னீங்க. நான் சொத்தையே பிடுங்கிட்டேன் டாக்டர்!"

டாக்டர் அம்மையாரின் முகத்தைப் பார்த்தார். கழற்றிய செருப்பை மீண்டும் மாட்டிக்கொண்டார். அவர் வாழ்நாளில் முதல்முறையாக உண்மையிலேயே மெதுவான குரலில், "அப்புறமா வரேன்" என்றார்.

செயலாளர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் சொன்ன அடுத்த சொற்களில் ஒற்றுப்பிழை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது, முதன்முறையாக அவர் அதைக் கவனிக்கவில்லை.

"நான் பேசக் கத்துக்கிட்டதே அதுலதாம்மா இருந்தது. உன்னோட அத்தனை நாள் உழைப்பு. என் பேரை நான் சொன்னப்ப நீ சிரிச்ச சிரிப்பும் அதுல இருந்தது. மின்தூக்கியைச் சரி பண்ணிக் கொடுத்தவருக்கு நன்றி சொல்லி ஒரு பக்கம் சுற்றறிக்கை எழுதினேன். எனக்குப் பேச்சைக் கொடுத்தவளுக்கு ஒரு வரி எழுதினதில்ல. நீ கொடுத்த வாயை வச்சு உன்கிட்டயே முடி எண்ணெய்னு பொய் சொல்லிட்டேன்."

அம்மையார் அவர் அருகில் வந்து அமர்ந்தார். முந்தானை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டதாகத் தெரிகிறது. பிறகு நிதானமாகக் கேட்டார்:

"போனது போகட்டும். உங்க முக்கியமானவை பத்திரமா இருக்கா?"

"அது இருக்கு. இருந்து என்ன பிரயோஜனம்?"

"இருக்கிறதையாவது பார்ப்போம். போடுங்க."

"வேண்டாம்மா. இப்ப அதைப் பார்த்தா எனக்கே பிடிக்காது."

"எனக்காகப் போடுங்களேன்."

செயலாளர் சட்டைப்பையிலிருந்த பென்டிரைவை எடுத்துக் கணினியில் செருகினார். "முக்கியமானவை" என்ற தலைப்பு திரையில் வந்தது. வெறுப்போடு திறந்தார். உள்ளே சுற்றறிக்கை ஒன்றைக் கூடக் காணவில்லை. வரிசையாக ஒலிக்கோப்புகள். ஒன்றும் புரியாமல் முதலாவதை அழுத்தினார்.

நாடாவின் இரைச்சல். நாற்காலி நகரும் ஓசை. பிறகு ஓர் இளைஞனின் குரல்: "எ... எ... என் பே... பே..."

அதைத் தொடர்ந்து ஓர் இளம்பெண்ணின் குரல்: "அவசரமில்ல. மூச்சை விடுங்க. முதல் எழுத்தை அழுத்தாதீங்க."

 அம்மையார் கை நீட்டிக் கடைசிக் கோப்பைத் தேர்ந்தெடுத்தார். அதே இளைஞன், ஆனால் சொற்கள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நடந்து வந்தன.

"அடுத்த வாரமும் வரலாமா?"

"பயிற்சிதான் முடிஞ்சுடுச்சே."

"பயிற்சிக்கு இல்ல."

அதன்பிறகு அந்தப் பதிவில் யாரும் பேசவில்லை. மின்விசிறியின் ஓசை மட்டும் நெடுநேரம் கேட்டது.

"வகுப்புல இந்தக் கடைசியை மட்டும் போட்டுக் காட்டறதில்ல" என்றார் அம்மையார்.

செயலாளர் மனைவியின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். "நன்றிம்மா" என்றார். நன்றி என்ற சொல்லைத் திக்காமல் சொல்ல அவர் எப்போதோ கற்றுவிட்டார். சொல்ல வேண்டியவரிடம் சொல்லத்தான் இத்தனை காலம் ஆயிற்று. அன்பர்களே, நம்மில் பலருக்கும் இந்தத் திக்குவாய் இருக்கிறது; அதற்குப் பயிற்சியாளரைத் தேட வேண்டியதில்லை, இன்று மாலையே வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்க்கலாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் செயலாளருக்கு வேறொன்று உறைத்தது.

"ஆமா... இது எப்படி என் ஃபோல்டருக்குள்ள வந்தது?"

"உங்க டாக்டர் ரகசியம் பேசினா தெருக்கோடி வரைக்கும் கேக்குங்க. நான் போர்வைக்குப் பின்னாடிதான் நின்னேன். 'முக்கியமானவையை எடுத்துக்கோங்க, குப்பையைக் கொட்டிடுங்க'ன்னார். பென்டிரைவோ உங்க சட்டைப்பையில. நான் வேற என்ன பண்றது? ஒரு சின்ன வேலை இருக்குன்னு உட்கார்ந்தேன்."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே!"

"கேட்டேனே. வேற ஏதாவது சொல்லணுமான்னு. முடி வளர்க்கணும்னு சொன்னீங்க."

செயலாளர் தலையைத் தடவிக்கொண்டார். தடவிய கை பாதியில் நின்றது.

"இரு, இரு. அப்போ என் சுற்றறிக்கையெல்லாம்? நாளைக்குப் பேச வேண்டிய பேச்சு?"

"எதுன்னு நினைச்சு எதைக் கொட்டினீங்க?"

"குப்பைன்னு நினைச்சு... ஐயோ!"

"எங்க மருத்துவமனையில கம்ப்யூட்டர் பார்க்கறவரைப் போன்ல கேட்டேன். குரல் பதிவுக்கு ஒண்ணும் ஆகாது, எழுத்தாத் தட்டினதுலதான் கிருமி ஒட்டியிருக்கலாம்னார். உங்க சுற்றறிக்கையெல்லாம் பலகையில தொங்குதே, தொலைஞ்சா போச்சு? பேச்சுதான் போச்சு. நாளைக்கு நடந்ததை அப்படியே சொல்லுங்க. ஒருத்தரும் தூங்க மாட்டாங்க."

செயலாளர் நீண்ட பெருமூச்சு விட்டார். தம் ஆயுளெல்லாம் எழுதிய அறிவுரைகள் தம் விரலாலேயே அழிந்ததை எண்ணிப் பார்த்தார். வியப்பு என்னவென்றால், வலிக்கவில்லை. டாக்டர் சொன்னது இந்த ஒன்றில்தான் பலித்தது. இருந்தாலும் தொழில் மானம் என்று ஒன்று இருக்கிறதே! உலகத்துத் தலைப்புகளையெல்லாம் உற்றுப் பார்த்த கண், சொந்த வீட்டுத் தலைப்பில் ஏமாந்திருக்கிறது.

"இருந்தாலும் நீ இப்படி ரெண்டு ஃபோல்டர் பேரையும் மாத்தி வச்சிருக்கக் கூடாதும்மா."

அம்மையார் ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"மாத்தலைங்க" என்றார். "திருத்தினேன்."